ஏழாம் சுனைக்கு வந்த மாலைகள்

1. படியேறி வந்த சினம்

எழுபதுகளின் பிற்பகுதியில் பெரம்பலூர்க் கிளை நூலகத்தில் நான் நூலகராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது, ஒரு புதினத்தின் முடிவு பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால், நூலகம் முழுவதுமே தெருவுக்கு வரவிருந்தது. நூல் என்பது ரேக்கில் அசையாமல் நிற்கும் பொருள் என்று இத்துறைக்குப் புதிதாக வரும் இளையோர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அந்நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறேன்.

அந்நாளில் எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கடைவீதியை ஒட்டிய ஓர் எண்ணெய் மில்லின் மாடியில் நூலகம் இயங்கிவந்தது. மில்லின் உரிமையாளர் தங்கராசு, வாடகை ஏதும் வேண்டாமென்று மாடியை முழுமையாக எங்களுக்கு விட்டுத் தந்திருந்தார். கீழே எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் ஓடும் பொழுதெல்லாம் மேலே ரேக்குகள் மெல்ல நடுங்கும். நூல்கள் அனைத்திலும் கடலைப் புண்ணாக்கின் மணம் ஏறியிருக்கும். திருச்சியில் இருந்த தலைமை நூலகத்துக்கு எங்கள் நூல்கள் போனால், முத்திரையைப் பார்க்காமலேயே, இது பெரம்பலூர்ப் புத்தகம் என்று முகர்ந்து பிரித்து வைப்பார்களாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் தங்கராசு மாடிப்படி ஏறி வந்தார். கையில் 'ஏழு சுனை நாடு' என்னும் மாயக்கதைத் தொடரின் ஏழாம் பாகம் இருந்தது. அதுவே இறுதிப் பாகம். முந்தின வாரந்தான் அது எங்களுக்கு வந்து சேர்ந்தது. அக்சஷன் நம்பர் என்னும் பதிவெண் இட்டு, முத்திரை குத்தி, முதல் வாசகராக அவரிடமே தந்திருந்தேன். அது விதியன்று, இடம் தந்தவருக்கு நாங்கள் காட்டிய மரியாதை.

நூலை என் மேசைமேல் ஒரு மூட்டையை இறக்குவதுபோல் இறக்கினார்.

"என்ன சார் கத இது?"

"படிச்சு முடிச்சுட்டீங்களா ஐயா?"

"நா எங்க முடிச்சேன். எழுதுன ஆளுதான் முடிச்சுட்டாரு. இளம்பரிதிய முடிச்சே புட்டாரு."

இளம்பரிதி அத்தொடரின் நாயகன். நானும் அந்நூலைப் படித்திருந்தேன் என்பதால், ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"செத்தாக்கூடப் பரவால்ல சார். வீரன்னு இருந்தா ஒரு நாளு சாவத்தான் செய்வான். அந்தக் கடைசிப் பக்கத்தப் பாத்தீங்களா நீங்க? சுனையில தண்ணி வருது. ஊரே கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடியாறது. ரொப்பிக்கிட்டுப் போவுது. இது யாரு குடுத்த தண்ணின்னு ஒருத்தன் கேட்டானா சார்? ஒருத்தி திரும்பிப் பாத்தாளா?"

"எழுதியவர் அதை வேண்டுமென்றேதான்..."

"வேணும்னே எழுதுனாருல்ல? அப்ப வேணும்னே நானும் சொல்றேன். கடலை வரத்து ஆரம்பிக்கப் போவுது. மூட்ட போட எடமில்லன்னு எந் தம்பி தெனம் என்னய ஏசறான். இந்த மாசக் கடைசியில காலி பண்ணிக் குடுத்துருங்க."

"புத்தகத்தையா ஐயா?"

"மாடிய, சார்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். சற்று நேரத்தில் எக்ஸ்பெல்லர் ஓடத் தொடங்கியது. ரேக்குகள் நடுங்கின. அன்று நானும் சற்று நடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். வேறிடம் கிடைக்காவிட்டால் நூல்களைச் சாக்கில் கட்டித் திருச்சிக்கு அனுப்பிவிட்டுக் கிளையை மூடிவிடுவது அக்கால வழக்கம். இடம் கேட்டு இரண்டு நாள் ஊரைச் சுற்றினேன். கிடைத்தது கூரை போன ஒரு மாட்டுக் கொட்டகை மட்டுமே.

2. கரைந்தவனைப் பற்றிய வழக்குகள்

இளைய வாசகர்களுக்காக அக்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏழு சுனைகளால் வாழும் ஒரு மலைநாடு. சூனியக்காரி ஒருத்தி சுனைகளை ஒவ்வொன்றாக வற்றச் செய்கிறாள். இளம்பரிதி பறக்கும் கல்தோணியில் ஏறிப் போய், பாகத்துக்கு ஒரு சுனையாக மீட்டு வருகிறான். முதற் பாகத்தில் அவனுக்கு மாலையிட நின்ற நிலமங்கை அடுத்தடுத்த பாகங்களிலும் நின்றுகொண்டே இருக்கிறாள். ஏழாம் சுனை மட்டும் எந்த மந்திரத்துக்கும் இளகவில்லை. காவலனே அதில் இறங்கிக் கரைந்தால்தான் நீர் ஊறும் என்று தெரியவருகிறது. அவன் இறங்கிக் கரைந்துவிடுகிறான். நீர் வருகிறது. கதை முடிகிறது.

மழையை நம்பிப் பருத்தியும் கடலையும் போடுகிற எங்கள் சீமையில், தண்ணீரைப் பற்றிய கதை வெறுங்கதையாக இருப்பதில்லை. ஆகவே முடிவைக் குறித்து எழுந்த வழக்குகளும் எளியவையாக இல்லை.

முதலில் துயரத்தைக் கொண்டுவந்தவர் அரியலூர்ப் பேருந்தின் நடத்துநர் சேவியர். ஏலாக்குறிச்சிக்காரர். அரியலூர்க் கிளை நூலகத்துக்கு எங்களுக்கு முன்பே ஏழாம் பாகம் வந்துவிட்டதால், அங்கே வாங்கிப் படித்துவிட்டார். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பயணிகளை நாளெல்லாம் கேலி செய்துகொண்டே சீட்டுக் கிழிக்கிற மனிதர், இரண்டு நாள் வாய் திறக்காமல் கிழித்தார். அதிலிருந்தே பெரம்பலூர் வாசகர்கள் செய்தியை ஊகித்துக்கொண்டார்கள்.

குரும்பலூர்ப் பள்ளி ஆசிரியை ராசாத்தி அம்மையாரின் வழக்கு வேறு. ஏழாம் பாகத்தை நூலகத்திலேயே அமர்ந்து படித்து முடித்த அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், நிலமங்கை எந்தப் பக்கத்துல இருக்கா?"

"ஏழாம் பாகத்தில் அவளைக் காணவில்லை அம்மா."

"அதத்தான் கேக்கறேன். மொதப் பாகத்துலேர்ந்து மாலையும் கையுமா நிக்க வெச்சவரு, கடைசியில அவள ஒரு வரியில வூட்டுக்காவது போகச் சொல்லியிருக்கலாம்ல? இன்னும் அங்கியே நிக்கறாளா அவ?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் குன்னத்துப் பருத்தி விவசாயி சின்னச்சாமி குறுக்கிட்டார். சந்தைக்கு வரும் நாளெல்லாம் தவறாமல் நூலகத்துக்கும் வருபவர்.

"டீச்சர், தண்ணி வந்துச்சா இல்லியா? அதச் சொல்லுங்க. தண்ணி வந்துட்டா கத முடிஞ்சுது. எனக்கு ஒரே கொறதான். ஊத்து எத்தன அடியில வந்துச்சுன்னு போடல."

அப்போது உள்ளே நுழைந்த சேவியர் இதைக் கேட்டுவிட்டார். "ஆளு செத்துக் கெடக்கு, ஒனக்கு அடிக்கணக்கு வேணுமா?"

"செத்தான்னு எங்கய்யா போட்டுருக்கு? கரைஞ்சான்னுதான் போட்டுருக்கு."

"கரைஞ்சா என்ன, அவரு உப்பா, திரும்பி வர்றதுக்கு?"

"உப்புதான் காய வெச்சா திரும்பி வரும். நீ பள்ளிக்கூடத்துல படிக்கலயா?"

அமைதி காக்கும்படி வேண்டும் பலகை அவர்கள் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சுட்டிக் காட்டவில்லை. மாதக் கடைசியில் அந்தப் பலகையும் சாக்கில் கட்டப்படவிருந்தது. தங்கராசு மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டதை அப்போதுதான் மூவரிடமும் தெரிவித்தேன்.

சின்னச்சாமிதான் முதலில் பேசினார். "கதையில ஒருத்தன் கரைஞ்சதுக்கு நம்ம லைப்ரரியக் கரைக்கறாரா? என்ன ஞாயம் சார் இது?"

3. ஒரு சுவரொட்டி

வழி கண்டுபிடித்தவர் சேவியர். மறுநாள் பேருந்தை நிலையத்தில் விட்டுவிட்டு நேரே மாடிக்கு வந்தார்.

"சார், ஒரு யோசன. மொதலாளிக்கு என்ன கோவம்? ஆளு செத்ததுக்கு ஒருத்தரும் அழுவலன்னுதான?"

"ஆமாம்."

"நாம அழுதுருவோம். ஞாயித்துக் கெழம மொறையா ஒரு எரங்கல் கூட்டம் வெப்போம். மொதலாளியத் தலைமை தாங்கச் சொல்லுவோம். மனசு ஆறிரும் சார்."

பிறக்காத ஒருவருக்கு அரசு நூலகத்தில் இரங்கல் கூட்டம் நடத்த விதிகளில் இடமுண்டா என்று சிறிது நேரம் எண்ணிப் பார்த்தேன். வாசகர் வட்டக் கூட்டத்துக்கு இடமிருந்தது. வாசகர்கள் அதில் எதைக் குறித்து வருந்தினாலும் விதி தடுக்கவில்லை. ஒப்புக்கொண்டேன். தலைமை தாங்கும்படி தங்கராசிடம் கேட்டபோது, "பாப்போம்" என்று மட்டும் சொன்னார். காலி செய்யச் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை.

சுவரொட்டிக்கான வாசகத்தை ராசாத்தி அம்மையார் எழுதினார். நான் இரண்டு சொற்களைத் திருத்தினேன். 'ஏழு சுனை காத்த ஏந்தல் இளம்பரிதியார் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி. இரங்கல் கூட்டம் ஞாயிறு காலை, தங்கராசு எண்ணெய் மில் மாடியில். வருந்தும் வாசகர் வட்டம்.' இவ்வளவுதான். சேவியர் அதைத் துறையூர்ச் சாலையில் இருந்த அச்சகத்தில் தந்துவிட்டுப் போனார். சனிக்கிழமை மாலை சுவரொட்டிக் கட்டை வாங்கிக்கொண்டு, நகரில் சிலவற்றை ஒட்டிவிட்டு, மீதியைப் பேருந்து நின்ற ஊர்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டே அரியலூர் வரை போய்விட்டார். நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, அவசரத்தில் அவரும் படித்துப் பார்க்கவில்லை.

அச்சகத்தாரின் தொழில் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இரங்கல் சுவரொட்டியில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பைத் தவிர ஒரே ஒரு வரியைத்தான் பெரிய மர எழுத்தில் கோப்பார்கள். மற்றவையெல்லாம் சிறிய ஈய எழுத்து. மர எழுத்துக்கு உரியது இறந்தவர் பெயர். ஆனால் இளம்பரிதி என்பவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அச்சகத்தாருக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரியாத பெயரைப் பெரிதாகப் போட்டு என்ன பயன் என்று அவர் கருதினார். ஊருக்குத் தெரிந்த பெயர் வாசகத்தில் வேறொன்று இருந்தது. அதற்கு மர எழுத்தைத் தந்துவிட்டார்.

இதன் விளைவாக, கறுப்புக் கரையிட்ட அந்தத் தாளில், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு வரிகள் மட்டுமே தெரிந்தன. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'தங்கராசு எண்ணெய் மில்'.

4. ஞாயிறு காலை

கூட்டத்துக்கு நாற்காலி போடலாமென்று ஞாயிறன்று சற்று முன்னதாகவே புறப்பட்டேன். கடைவீதியில் பாதிக் கடைகள் பலகை எடுக்காமல் இருந்தன. எதிர்ப்பட்ட மளிகைக்காரர் என் கையைப் பற்றிக்கொண்டு, "என்ன சார் இப்புடி ஆயிப்போச்சு" என்றார். வாசகர்களின் துயரம் இவ்வளவு பரவிவிட்டதே என்று வியந்து, "ஆமாம், யாரும் எதிர்பார்க்கவில்லை" என்று நானும் சொல்லிவைத்தேன்.

மில் வாசலுக்கு வந்ததும் வியப்பு அச்சமாயிற்று. அங்கே பெருங்கூட்டம் நின்றது. பலர் கையில் மாலை இருந்தது. ஞாயிறு விடுமுறையாதலால் மில் ஓடவில்லை. அதுவே அவர்களுக்கு உறுதியான சான்றாகப் போயிற்று. சுவரில் ஒட்டியிருந்த தாளை அப்போதுதான் பார்த்தேன். அதன் அருகில் சேவியர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

"சார், போச்சு சார். மாசக் கடைசி வரைக்கும்கூட நம்மள விட மாட்டாரு. இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுவாரு."

"அவர் எங்கே?"

"கடலைக் காட்டுக்குப் போயிருக்காராம். இன்னும் வரல."

மில்லை ஒட்டியே தங்கராசின் வீடு. கதவு திறந்திருந்தது. அவர் மனைவி பாக்கியத்தம்மாளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கட்டிப் பிடித்து அழ, அவர் அவளை விலக்கிக்கொண்டிருந்தார்.

"எப்புடிக்கா ஆச்சு?"

"என்னாடி ஆச்சு? நாலு இட்டிலி தின்னுட்டு, தேங்காச் சட்னி தண்ணியா இருக்குன்னு எனக்கு ஒரு பாட்டு வுட்டுட்டு, சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனாரு. சாவப் போற மனுசன் சட்னிக்கா சண்ட போடுவாரு?"

"போற உயிரு அப்புடித்தாங்க்கா பேசும்," என்று அந்தப் பெண் மேலும் அழுதாள்.

"ஏ, எழுந்திரிடி. எம் பொடவ நனையுது."

உண்மையை விளக்குவதற்காக நான் ஓர் உரையைத் தொடங்கினேன். "பெரியோர்களே, மறைந்தவர் இவரல்லர், ஒரு புதினத்தின் தலைமை மாந்தர்" என்றேன். என் தமிழ் அவர்களுக்கு ஓர் இரங்கலுரையாகவே பட்டிருக்க வேண்டும். முன்வரிசையில் நின்றவர்கள் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

பயனில்லை என்று கண்டு, தங்கராசு வந்தால் வழியிலேயே தடுத்துச் செய்தியைச் சொல்லிவிடலாமென்று கூட்டத்தின் பின்புறம் போனேன். அவர் முன்பே வந்துவிட்டிருந்தார். சைக்கிளைப் பிடித்தபடி, வெயிலுக்குத் தலையில் போட்ட துண்டோடு, எல்லாருக்கும் பின்னால் நின்று தம் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் முன்னே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. நான் அருகில் போனதும், பேச வேண்டாமென்று கண்ணால் தடுத்தார்.

அவருக்குப் பக்கத்தில் குன்னத்துப் பக்கத்திலிருந்து வந்த, எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெரியவர், கையில் சாமந்தி மாலையோடு நின்றார். தங்கராசு அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருங்க செத்தது?"

"மில்லு மொதலாளிங்க."

"உங்களுக்குப் பழக்கமா?"

"நா ஆள நேருல பாத்தது கெடையாதுங்க. கடலை போட வருவேன், கணக்கப்புள்ளையப் பாத்துட்டுப் போயிருவேன். எடையில கொஞ்சம் புடிப்பாங்க."

தங்கராசு துண்டைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்புறம் எதுக்கு இவ்வளோ தூரம் மாலையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க?"

"மாடிய ஊருக்கு வுட்டுட்டாருல்ல. எம் மவ வாரத்துக்கு ஒரு பொஸ்தகம் கொண்டாருவா. சாயந்தரமானா வாசல்ல ஒக்காந்து எங்களுக்கெல்லாம் படிச்சுச் சொல்லுவா. தெருவே கேக்கும். யாரு வூட்டுப் பொஸ்தகம்னு கேட்டா, மில்லுக்காரரு வூட்டுதும்பா. அந்த ஆளு செத்துட்டாருன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க. வராம இருக்க முடியுமா, சொல்லுங்க."

"எப்புடிச் செத்தாராம்?" என்றார் தங்கராசு.

"அது என்னமோங்க. கரைஞ்சு போயிட்டாருன்னு அந்தக் கண்டக்டரு சொல்லிக்கிட்டிருந்தாரு."

"கரைஞ்சா?"

"ஊருக்காவக் கரைஞ்சாராம். எனக்கு வெளங்கல. நல்ல சாவுதான் போலருக்கு."

அந்நேரத்தில் பாக்கியத்தம்மாள் வாசலுக்கு வந்து கூட்டத்துக்கு மேலாகப் பார்த்தார். கணவரின் துண்டை அவர் கண்கள் தவறவிடவில்லை.

"அந்தா நிக்கிறாரு பாருங்க, ஒங்க செத்தவரு. வந்து எல்லாருக்கும் பதிலு சொல்லுங்க. நா உள்ளார போறேன், அடுப்புல சோறு கொதிக்குது."

கூட்டம் முழுவதும் திரும்பியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை எந்த இடத்தில் நிறுத்துவதென்று தெரியாமல் விழித்தார்கள். சிலர் சிரித்தார்கள். குன்னத்துப் பெரியவர் கையிலிருந்த மாலையையும் தங்கராசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடையப் பத்திச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க," என்றார்.

"கணக்கப்புள்ளைய நாளைக்கிக் கேக்கறேன்," என்றார் தங்கராசு.

5. யாருக்கும் ஆகாத மாலைகள்

இறந்தவருக்கென்று வாங்கிய மாலை இருக்கிறதே, அது பெருஞ்சிக்கலான பொருள். உயிரோடிருப்பவருக்கு அதைப் போட முடியாது. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகவும் கூடாது. கோயிலில் சாத்தவும் வழியில்லை. மாலை வைத்திருந்த அத்தனை பேரும் அதைக் கீழே வைக்கவும் மாட்டாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் மாட்டாமல் நின்றார்கள். சாமந்தியும் சம்பங்கியுமாகத் தெரு மணத்தது.

தங்கராசு சுவரொட்டியை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். சேவியர் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆனால் தங்கராசு வேறொன்றைத்தான் கேட்டார்.

"ஏய்யா சேவியரு, இதெல்லாம் யாருக்கு வந்த மாலன்னு போட்டுருக்கு?"

"இளம்பரிதிக்குத்தான் மொதலாளி. சின்ன எழுத்துல இருக்கு."

"அப்ப அவனுக்கே போட்டுருங்க. எல்லாரும் மேல ஏறுங்க."

ஏறினார்கள். என் பணிக்காலத்தில் அந்தப் படியில் அத்தனை பேர் ஏறி நான் பார்த்ததில்லை. எழுத்தறியாதவர்கள் பலர் அன்றுதான் நூலகத்துக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தார்கள். நீண்ட மேசைமேல் ஏழு பாகங்களையும் வரிசையாக நிறுத்தினேன். மாலைகள் அதன்மேல் விழுந்தன. சற்று நேரத்தில் நூல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பூவின் ஈரம் நூல்களுக்கு ஆகாது என்று ஒரு நூலகராக நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

ராசாத்தி அம்மையார் தாம் எழுதிவந்த இரங்கற்கவிதையைப் படிப்பதற்காக எழுந்தார். அதற்குள் குன்னத்துப் பெரியவர் கை காட்டி நிறுத்தினார்.

"மாலையும் போட்டாச்சு. யாரு அந்தப் பையன்? என்னா பண்ணான்? சொன்னீங்கன்னா எங்க ஊருல போயிச் சொல்லுவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தங்கராசைப் பார்த்தேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதையை முதற் பாகத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் அதுவரை அறியாத ஒரு தங்கராசு அவர். கல்தோணி பறந்தபோது கையால் பறந்து காட்டினார். சூனியக்காரியின் குரலில் பேசினார். அது அவர் தம்பியின் குரலை ஒத்திருந்ததாகக் கீழ்த்தளத்து ஆட்கள் பின்னர்ச் சொன்னார்கள். மூன்றாம் பாகத்தில் வரும், பொய் மட்டுமே பேசும் ஓர் உடும்பைப் பற்றிச் சொன்னபோது கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏழாம் சுனையில் அவன் இறங்கிய இடத்தைச் சொன்னார். குடங்கள் நிறைந்த இடத்தையும் சொன்னார். ஐந்து நாள் முன்பு என்னிடம் காட்டிய சினம் அப்போது அவர் குரலில் இல்லை. "ரொப்பிக்கிட்டாங்க. போனாங்க. அவ்வளோதான் கத," என்று முடித்தார்.

குன்னத்துப் பெரியவர் சற்று யோசித்தார்.

"அது சரிங்க. அந்த உடும்பு என்னாச்சு?"

தங்கராசு மேசையிலிருந்த நூல்களின் பக்கம் திரும்பினார். ராசாத்தி அம்மையார் மாலைகளுக்கு அடியிலிருந்து ஆறாம் பாகத்தை உருவி எடுத்துப் புரட்டினார். "ஆறுல இருக்கு சார். கொகைக்குள்ள வுட்டுட்டுப் போறாங்க," என்றார். "ஏழுல கெடையாது," என்றார் சின்னச்சாமி. "இருக்கு, ஒரு எடத்துல இருமுது," என்றார் சேவியர். "அது ஆமை இருமுனது," என்று நாலாவது குரல் ஒன்று கேட்டது. நிலமங்கைக்காக வாதாடி வந்த அம்மையாரே தம் வழக்கை ஒத்திவைத்துவிட்டு உடும்பின் பக்கம் சேர்ந்துகொண்டார். குரல்கள் ஏறின. பலகை அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கராசு மாலைகளை விலக்கி ஏழாம் பாகத்தை எடுத்தார். பூவிதழைத் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு தடவ எம் பேருல எழுதுங்க சார். அவசரத்துல படிச்சுட்டேன் போலருக்கு. உடும்பு எங்கியாவது இருக்கும்."

அவருடைய வாசகர் டிக்கெட்டை நூலட்டையில் செருகிவிட்டுத் தேதி முத்திரையைக் கையில் எடுத்தேன். அன்றிலிருந்து கணக்கிட்டால் திருப்பித் தரவேண்டிய நாள் அடுத்த மாதத்தில் விழுந்தது. முத்திரையை அந்தரத்தில் பிடித்தபடி சொன்னேன்.

"ஐயா, தேதி அடுத்த மாதம் ஆகிறது. மாதக் கடைசியில் நூலகம் இங்கே இருக்காதே. எங்கே கொண்டுவந்து திருப்பித் தருவீர்கள்?"

கூடத்தில் இருந்த வாசகர்கள் அனைவரும் உடும்பை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் நூலை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க குடுப்பேன்? இங்கதான். எம் மாடிக்கு ஏற எனக்குத் தெரியாதா? முத்திரையக் குத்துங்க சார், பசிக்குது."

குத்தினேன். கடலை மூட்டைகளுக்கு அவ்வாண்டு மில்லின் பின்கட்டில் கொட்டகை எழுந்தது. தம்பியின் ஏச்சு ஓயவில்லை என்று கேள்வி. அச்சகத்தாரை மறுவாரம் சந்தித்து மர எழுத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டேன். அவர் சற்றும் வருந்தவில்லை. "செத்தவங்கள ஊருக்குத் தெரியலன்னா, வூட்டப் பெருசாப் போடணும் சார். அப்பதான் சனம் வந்து சேரும். வந்துச்சா, இல்லியா?" என்றார்.

என் பணிக்காலம் முழுவதற்கும் அந்த ஞாயிறு எனக்கு ஒரு பாடம் தந்தது. நூல் பிடிக்கவில்லை என்று சினந்து வருபவரிடம் நூலின் சார்பாக வாதாடுவது நூலகரின் வேலையன்று. செவ்வாயன்று நான் செய்ய முயன்றது அதைத்தான். ஒரு வாக்கியம்கூட என்னால் முடிக்க இயலவில்லை. அதன்பின் ஓய்வு பெறும்வரை, முடிவு சரியில்லை என்று யாரேனும் புத்தகத்தை மேசைமேல் இறக்கினால், நாற்காலியை நகர்த்திப் போட்டு, "முதலிலிருந்து கதையைச் சொல்லுங்கள்" என்பேன். சொல்லத் தொடங்குவார்கள். பாதியில் எங்கோ ஓரிடத்தில் நின்று, இருங்க சார், இத நா சரியாப் படிக்கல என்று புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே அத்தகையோர் நூலைத் திருப்பித் தந்தால், கதையை முழுவதும் கேட்டு முடிக்கும்வரை, வரவு முத்திரையை நான் தொட்டதில்லை.